ரேடியமும் இல்லை, நாகரத்தினமும் இல்லை: ஃபிராங்க்ளின் கற்கள் ஏன் ஒளிர்கின்றன?

வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடைக்கு நம் ஊர்களில் 'ரேடியம் கடை' என்றே பெயர். நம்பர் பிளேட்டில் ஒட்டுவது ரேடியம். லாரியின் பின்புறம் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சிடுவதும் ரேடியம். பிள்ளைகள் அறையின் கூரையில் விளக்கை அணைத்ததும் பச்சையாக மினுங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரமும் ரேடியம்தான். தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்து முள்ளையும் அப்படியே சொல்கிறோம். உண்மையில் அந்தக் கடைசி ஒன்றில் வேண்டுமானால் ரேடியம் இருந்திருக்கலாம். மற்ற எதிலும் துளிகூடக் கிடையாது.

இருட்டில் எது பளிச்சிட்டாலும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிவிட்டதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. புற ஊதா விளக்கின் கீழ் தணல் போன்ற சிவப்பும் இளம்பச்சையுமாக எரியும் ஒரு கல்லின் படத்தை நாலு பேரிடம் காட்டிப் பாருங்கள். "கதிரியக்கம், கிட்டே போகாதே" என்பார் ஒருவர். "நாகரத்தினம் இப்படித்தான் இருக்கும்" என்பார் இன்னொருவர். விவரம் தெரிந்தவர் போல ஒருவர் "கம்ப்யூட்டரில் கலர் ஏற்றின படம்" என்று முடித்துவிடுவார். எல்லாமே தப்பு.

அந்தச் சிவப்பு-பச்சைக் கல் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து வந்ததாக இருக்கும்: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்கிலிருந்து வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள ஃபிராங்க்ளின் என்ற சிற்றூர். அதை ஒட்டிய ஆக்டென்ஸ்பர்க்கில் உள்ள ஸ்டெர்லிங் ஹில் சுரங்கத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். கல் ஏன் ஒளிர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அங்கே போவதற்கு முன் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

பளபளப்பில் நான்கு ஜாதி

நம்பர் பிளேட் ஸ்டிக்கரின் வேலை எளிது. அதனுள் மிக நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ இருக்கும். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் ஒளி பட்டதும், வந்த திசையிலேயே அதைத் திருப்பி அனுப்பிவிடும். விளக்கு இல்லையென்றால் பளபளப்பும் இல்லை. இது வெறும் எதிரொளிப்பு.

கூரை நட்சத்திரம் வேறு ரகம். பகலிலோ டியூப்லைட் வெளிச்சத்திலோ வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இருட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். விளக்கை அணைத்த பிறகும் ஒளி நிற்பதால் இதற்கு நின்றொளிர்தல் என்று பெயர்.

பழைய கடிகார முள்ளில் பூசியது துத்தநாக சல்பைடும் இம்மியளவு ரேடியமும் கலந்த சாயம். ரேடியம் சிதைந்து உமிழும் கதிர்கள் துத்தநாக சல்பைடை இடித்துக்கொண்டே இருக்கும். அதனால் வெளி விளக்கே தேவையில்லை. கதிரியக்கத்தால் ஒளிர்வது என்றால் இதுதான்.

நான்காவதுதான் நம் கதைக்கு வேண்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒரு பொருளின் மீது விழுகிறது; அந்தப் பொருள் அதை உடனே கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றித் தருகிறது; விளக்கை அணைத்தால் நிறமும் அணைந்துவிடுகிறது. இதை உடனொளிர்தல் என்று சொல்வோம். ஃபிராங்க்ளின் கற்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

வேட்டியும் மஞ்சளும் தேளும்

ரூபாய் நோட்டைச் சோதிக்கும் சின்ன யுவி டார்ச் ஒன்று வாங்கி, இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வந்தேன். நோட்டின் எண்கள் அச்சிட்ட இடம் பளிச்சென்று எழுந்தது. துவைத்து மடித்து வைத்த வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்து மினுங்கியது. சலவைத்தூளில் சேர்க்கும் வெளுப்பூட்டிப் பொருளின் வேலை அது. வெயிலில் உள்ள புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தருவதால்தான் துணி 'வெள்ளையைவிட வெள்ளையாக'த் தெரிகிறது. எண்ணெயில் கரைத்த மஞ்சள்தூள் மஞ்சள்-பச்சையாக ஒளிர்ந்தது. தேள் ஒன்று கிடைத்திருந்தால் அதுவும் நீலப்பச்சையில் மின்னியிருக்கும், ஆனால் அந்தச் சோதனைக்கு நான் தயாராக இல்லை.

மஞ்சளில் கதிரியக்கம் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. கல்லைக் கண்டால் மட்டும் ஏன் அந்தப் பயம் வருகிறது என்று தெரியவில்லை.

இந்த டார்ச் உமிழும் புற ஊதா என்பது என்ன? ஒளி ஓர் அலை. அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். அதை நானோமீட்டரில் அளப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு. நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 400 நானோமீட்டர் ஊதாவிலிருந்து 700 நானோமீட்டர் சிவப்பு வரை. 400க்குக் கீழே இருப்பது புற ஊதா. அதில் இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 365 நானோமீட்டரை ஒட்டியது நெட்டலை. 254 நானோமீட்டரில் இருப்பது சிற்றலை. இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டு வளர்ந்தவர்கள் குழம்ப வேண்டாம், அது வேறு கணக்கு.

சிற்றலைப் புற ஊதா வேறெங்கோ ஆய்வகத்தில் இருக்கும் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருந்த பழைய டியூப்லைட்டுக்குள் எரிந்தது அதுதான். குழாயினுள் உள்ள பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது 254 நானோமீட்டர் ஒளி உண்டாகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றுகிறது. அந்தப் பொடி இல்லையென்றால் டியூப்லைட் அறைக்கு வெளிச்சமே தராது.

இதுவரை பார்த்தது: கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரியும் ஒளியாக உடனுக்குடன் மாற்றித் தருவது உடனொளிர்தல். இதற்குக் கதிரியக்கம் தேவையில்லை. வீட்டிலேயே பல பொருள்கள் இதைச் செய்கின்றன.

ஐந்நூறு ரூபாய் நோட்டும் கமிஷனும்

சரி, கல்லுக்குள் என்ன நடக்கிறது?

ஒளி அலையாகப் பரவினாலும், பொருளிடம் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டின் பெயர் ஃபோட்டான். அதை ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் குறையக் குறைய நோட்டின் மதிப்பு கூடும். புற ஊதா பெரிய நோட்டு, சிவப்பு சின்ன நோட்டு.

அணுவில் உள்ள எலக்ட்ரான் எந்த உயரத்திலும் நின்றுவிட முடியாது. அதற்கென்று படிகள் உண்டு. இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், இடையில் நிற்க முடியாது. பெரிய மதிப்புள்ள ஒரு ஃபோட்டான் வந்து மோதினால், எலக்ட்ரான் அதை விழுங்கிவிட்டு மேல்படிக்குத் தாவும். அங்கே நிலையாக நிற்க முடியாது. சுற்றியுள்ள அணுக்களைக் கொஞ்சம் உலுக்கி, வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக உதிர்த்துவிட்டு, சற்றுக் கீழே உள்ள படியில் வந்து நிற்கும். அங்கிருந்து ஒரே தாவாகப் பழைய இடத்துக்கு இறங்கும்போது மிச்சமிருக்கும் ஆற்றலை ஒரு புதிய ஃபோட்டானாக வீசும்.

ஆக, இது சில்லறை மாற்றித் தரும் கடை. கொடுத்த தொகை அப்படியே திரும்பி வராது, கமிஷன் போய்விடும். அந்தக் கமிஷன்தான் கல்லுக்குள் வெப்பமாகப் போன பங்கு. எவ்வளவு கமிஷன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 254 நானோமீட்டர் ஃபோட்டானை 500 ரூபாய் என்று வைத்தால், ஃபிராங்க்ளினின் வில்லமைட் என்ற கனிமம் திருப்பித் தரும் பச்சை, அதாவது சுமார் 525 நானோமீட்டர், 240 ரூபாய்ச் சொச்சம்தான். பாதிக்கு மேல் கமிஷன்! அதே ஊரின் சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் தரும் 620 நானோமீட்டர் செம்மஞ்சள் ஏறக்குறைய 205 ரூபாய்.

வெளிவரும் ஒளியின் மதிப்பு உள்ளே போனதைவிடக் குறைவாகவே இருக்கும் என்ற இந்த விதியை 1852இல் வெளியிட்டவர் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத பகுதியில் குவினைன் கரைசலைப் பிடித்துப் பார்த்தார். அங்கே அது நீலமாக மின்னியது. மலேரியா மருந்தில் தொடங்கிய சோதனை என்றாலும், இந்த நிகழ்வுக்கு ஃப்ளோரைட் என்ற கல்லின் பெயரைத் தழுவியே ஃப்ளோரசென்ஸ் என்று ஆங்கிலப் பெயர் வைத்தார். ஃப்ளோரைட்டில் பலவும் இப்படி ஒளிர்பவை.

நாகரத்தினக் கதைக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. பெரிய நோட்டு வராமல் சில்லறை கொட்டும் கடை எங்கும் கிடையாது. உடனொளிரும் கல்லை முழு இருட்டில் வைத்தால் அது மற்றக் கற்களைப் போலவே இருட்டாகக் கிடக்கும்.

ஒரு மலைக்குள் எப்படி இத்தனை கனிமம்?

இனி ஃபிராங்க்ளினுக்குப் போகலாம். பூமியில் துத்தநாகம் பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்து ஸ்பாலரைட் என்ற தாதுவாகக் கிடைக்கும். பழங்காலத்திலேயே துத்தநாகம் வடித்த ராஜஸ்தானின் ஜாவர் சுரங்கத்திலும் ஸ்பாலரைட்தான். (தாது என்றால், உலோகத்தைப் பிரித்தெடுக்கக் கட்டுபடியாகும் பாறை.) ஃபிராங்க்ளினிலும் ஸ்டெர்லிங் ஹில்லிலும் இந்த வழக்கம் தலைகீழ். அங்கே துத்தநாகம் ஏராளம், இரும்பும் மாங்கனீசும் ஏராளம், கந்தகம் மட்டும் மிகக் குறைவு. அதனால் துத்தநாகம் ஆக்சிஜனோடும் சிலிக்காவோடும் சேர்ந்து, வேறெங்கும் அரிதாகக் கிடைக்கும் கனிமங்களாக உருவெடுத்தது.

முக்கியமானவை மூன்று. ஃபிராங்க்ளினைட் கருப்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு மூன்றும் ஆக்சிஜனோடு சேர்ந்தது. ஜிங்கைட் செக்கச்செவேல் என்றிருக்கும், துத்தநாக ஆக்சைடு. வில்லமைட் பச்சை, தேன் நிறம், பழுப்பு என்று பலவாகத் தெரியும், துத்தநாக சிலிக்கேட். இவை மூன்றும் வெள்ளைக் கால்சைட்டுக்குள் மணிமணியாகப் பதிந்து கிடக்கும். சாதாரண வெளிச்சத்திலேயே கல் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

வயது 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பழங்கடலின் அடியில் சுண்ணாம்புச் சேற்றோடு படிந்த உலோகங்கள் பிறகு ஆழத்தில் புதைந்து, மலைகள் எழுந்த அழுத்தத்திலும் பல நூறு டிகிரி வெப்பத்திலும் வெந்தன. சுண்ணாம்புப் பாறை பளிங்காக மாறியது. தாதுப் படலம் மடிந்து தூண்டில் முள்போல வளைந்தது. வேலை அத்தோடு நிற்கவில்லை. பின்னர் பாறை விரிசல் விடும்போதெல்லாம் வெந்நீர்க் கரைசல்கள் உள்ளே புகுந்து ஈயம், ஆர்செனிக், போரான் போன்றவற்றைக் கலந்து புதுப் புதுக் கனிமங்களைச் சமைத்தன. ஒரே அடுப்பில் பல தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு மசாலா. விளைவு, இந்தச் சின்ன வட்டாரத்தில் 350க்கும் மேற்பட்ட கனிமங்கள். அவற்றில் ஏறக்குறைய 90 புற ஊதாவில் ஒளிர்கின்றன. சில கனிமங்கள் உலகில் வேறெங்குமே கிடைக்கவில்லை.

மனிதர்கள் பக்கம் வந்தால் கதை கொஞ்சம் கலகலப்பானது. 1810இல் கனிமவியலாளர் ஆர்ச்சிபால்ட் புரூஸ் ஜிங்கைட்டை விவரித்து எழுதினார்; 1819இல் இன்னொரு கனிமவியலாளர் பியர் பெர்த்தியே ஃபிராங்க்ளினைட்டுக்குப் பெயர் வைத்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான மருத்துவர் சாமுவேல் ஃபவுலர் இந்தத் தாதுவால் என்ன பயன் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். உருக்குவது அவ்வளவு பாடாக இருந்தது. அப்புறம் நிலம் கைமாறியபோது ஒரு கூத்து நடந்தது: ஒரே பாறையில் துத்தநாகத்தின் உரிமை ஒரு தரப்புக்கு, ஃபிராங்க்ளினைட்டின் உரிமை இன்னொரு தரப்புக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஃபிராங்க்ளினைட்டிலும் துத்தநாகம் இருக்கிறதே! தோப்பை ஒருவருக்கும் தேங்காயை இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்த மாதிரி. வழக்கு பல்லாண்டு இழுத்தது. 1897இல் எல்லாம் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனியின் கீழ் ஒன்றானபோதுதான் வக்கீல்களுக்கு ஓய்வு கிடைத்தது.

அதே பத்தாண்டில் ஆக்டென்ஸ்பர்க்குக்கு மேலே உள்ள மலையில் தாமஸ் எடிசன் காந்தத்தால் இரும்புத்தாது பிரிக்கும் ஆலை நடத்தி ஏகப்பட்ட பணத்தைத் தொலைத்தார் என்பது கிளைக்கதை. காந்தம் ஃபிராங்க்ளினில் நன்றாகவே வேலை செய்தது. ஜான் பிரைஸ் வெத்ரில் உருவாக்கிய காந்தப் பிரிப்பான், லேசான காந்த ஈர்ப்புள்ள ஃபிராங்க்ளினைட்டை வில்லமைட்டிலிருந்து பிரித்துக் கொடுத்தது.

சுரங்கக்காரர்கள் ஒளியை ரசிக்கவில்லை, பயன்படுத்தினார்கள்

கால்சைட் பொடியிலிருந்து வில்லமைட் பொடியைக் கண்ணால் பிரித்தறிவது எளிதல்ல; வெளிறிய வில்லமைட் என்றால் இன்னும் சிரமம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு இரும்பு முனைகளுக்கு இடையே மின்பொறி பறக்கவிட்டால் அதில் புற ஊதா நிறைய வரும். அந்தப் பொறியைக் கழிவுமணலின் அருகே காட்டினார்கள். கழிவில் பச்சை தெரிந்தால் துத்தநாகம் வீணாகப் போகிறது என்று பொருள். பிரிக்கும் இயந்திரத்தைச் சரி செய்ய வேண்டும். இன்று கண்காட்சிப் பொருளாக இருக்கும் அந்தப் பச்சை அன்று தரச் சோதனை.

ஒரே விருந்தாளி, இரண்டு வீடு, இரண்டு நிறம்

இப்போதுதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். "கால்சைட் ஒளிரும்" என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. சுத்தமான கால்சைட் ஒளிராது. சுத்தமான வில்லமைட்டும் அந்தப் பச்சையைத் தராது. ஒளி தருவது கனிமத்துக்குள் விருந்தாளியாக வந்து ஒட்டிக்கொண்ட வேற்று அணு. கால்சைட்டில் சில கால்சியம் அணுக்களின் இடத்திலும், வில்லமைட்டில் சில துத்தநாக அணுக்களின் இடத்திலும் மாங்கனீசு உட்கார்ந்திருக்கிறது. இப்படிக் கல்லுக்குள் நுழைந்து அதை ஒளிரச் செய்யும் அந்நிய அணுவைத் தூண்டி என்று அழைக்கலாம்.

இரண்டு கல்லிலும் ஒரே மாங்கனீசு. பிறகு ஒன்று ஏன் பச்சை, இன்னொன்று ஏன் செம்மஞ்சள்?

சுற்றி இருப்பவர்கள் வேறு என்பதுதான் காரணம். வில்லமைட்டில் மாங்கனீசைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். கால்சைட்டில் ஆறு. அக்கம்பக்கம் மாறினால் எலக்ட்ரான் நிற்கும் படிகளின் உயரமும் மாறிவிடும். இறங்கும் உயரம் மாறினால் வெளிவரும் நிறமும் மாறும். நால்வர் நடுவே பச்சை, அறுவர் நடுவே செம்மஞ்சளும் சிவப்பும். பிறந்த வீட்டில் ஒரு குரலும் புகுந்த வீட்டில் ஒரு குரலுமாகப் பேசும் பெண்ணைப் பார்த்ததில்லையா? ஆள் ஒருத்திதான்.

இதில் அளவும் முக்கியம். குழம்பில் உப்பு மாதிரி. மாங்கனீசு மிகக் குறைந்தால் ஒளி தெரியாது. மிகக் கூடினால், விருந்தாளிகள் ஒருவருக்கொருவர் ஆற்றலைக் கைமாற்றி ஒளியாக வெளிவராமலேயே தீர்த்துவிடுவார்கள், கல் மங்கிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கால்சைட்டில் உள்ள மாங்கனீசுக்குச் சிற்றலைப் புற ஊதாவைத் தானாகப் பிடிக்கும் திறமை குறைவு. மரத்தின் உச்சியில் மாங்காய் தொங்குகிறது, பையனுக்கு எட்டவில்லை. ஃபிராங்க்ளின் கால்சைட்டில் தொரட்டியாக வருவது ஈயம். மிகச் சிறிதளவு ஈய அணுக்கள் சிற்றலையை வாங்கி, பக்கத்தில் இருக்கும் மாங்கனீசிடம் ஆற்றலைக் கொடுக்கின்றன. ஈயமும் மாங்கனீசும் சரியான அளவில் ஒரே கால்சைட்டில் சேர்வது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. ஃபிராங்க்ளின் கால்சைட் அடுப்புத் தணல்போல எரிவதும், நம் பக்கத்துச் சலவைக்கல் சும்மா கிடப்பதும் இதனால்தான்.

பையில் ஓட்டை போடுபவரும் ஒருவர் இருக்கிறார்: இரும்பு. எலக்ட்ரான் மேல்படியில் வைத்திருக்கும் ஆற்றலை ஒளியாக வெளியேற விடாமல் வெப்பமாகக் கரைத்துவிடும். இப்படிப்பட்ட அணுவை அணைப்பான் என்போம். சுரங்கத்தின் முதன்மைத் தாதுவான ஃபிராங்க்ளினைட்டில் இரும்பு ஏராளம் என்பதால் அது ஒளிர்வதே இல்லை. புற ஊதா விளக்கின் கீழ், சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே கரிக்கட்டையாக அது இருண்டு கிடக்கும். ஊருக்கே பெயரைக் கொடுத்தது போல் இருக்கும் கனிமம் அந்த ஊர் புகழ்பெற்ற வேலையைச் செய்யாது என்பது எனக்குப் பிடித்த முரண். (உண்மையில் ஊரின் பெயர்தான் கல்லுக்கு வந்தது.)

மாணிக்கத்திலும் இதே கதைதான். மாணிக்கத்தின் சிவப்புக்கும் அதன் ஒளிர்வுக்கும் குரோமியம் காரணம். பர்மா மாணிக்கத்தில் இரும்பு குறைவு, நெட்டலையில் நன்றாகச் சிவக்கும். இரும்பு மிகுந்த தாய்லாந்து மாணிக்கம் மங்கலாக நிற்கும். தொழிற்சாலையில் செய்த செயற்கை மாணிக்கத்திலோ இரும்பே இருக்காது, அது எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக எரியும். "டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளிர்கிறது, அசல் கல்தான்" என்று விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: கல் வீடு, தூண்டி விருந்தாளி. நிறத்தை இருவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். தொரட்டி உதவும், அணைப்பான் கெடுக்கும். ஆகவே கனிமத்தின் பெயரை மட்டும் வைத்து அது ஒளிருமா என்று சொல்ல முடியாது. எந்தச் சுரங்கத்துக் கல் என்பதும் தெரிய வேண்டும்.

திரைக்குள் போன வில்லமைட்

மாங்கனீசு கலந்த வில்லமைட்டை ஆலையில் செய்ய முடியும் என்று தெரிந்ததும் அது சுரங்கத்தைவிட்டு வெளியே வந்தது. மின்னலைகளை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பின் பழைய பச்சைத் திரையில் பூசியிருந்தது இந்தப் பொருள்தான். 1930களின் கடைசியில் விற்பனைக்கு வந்த முதல் டியூப்லைட்டுகளிலும் வில்லமைட்டின் உறவுக்காரப் பொடிகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் பெரிலியம் சேர்த்திருந்தார்கள். அந்தத் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்ததால் 1940களின் இறுதியில் கைவிட்டார்கள்.

கதிரியக்கப் பயம் எங்கிருந்து வந்தது?

இதற்கும் நியூ ஜெர்சியிலேயே ஒரு பதில் இருக்கிறது. அதே மாநிலத்தின் ஆரஞ்ச் என்ற நகரில், முதல் உலகப்போர்க் காலத்தில் தொடங்கி, கடிகார முகப்புகளுக்கு ரேடியம் சாயம் தீட்டும் ஆலை இயங்கியது. வேலை செய்தவர்கள் இளம்பெண்கள். தூரிகையின் முனையைக் கூராக்க உதட்டில் வைத்து நனைக்கும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரேடியம் எலும்பில் போய்ச் சேர்ந்தது, தாடை எலும்பு அழுகியது, பலர் இறந்தார்கள். 1928இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உலகம் முழுவதும் பேசப்பட்ட அந்தத் துயரத்துக்குப் பிறகு, இருட்டில் ஒளிரும் எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்புதான்.

ஆனால் ஃபிராங்க்ளினின் சிவப்பும் பச்சையும் மாங்கனீசிலிருந்து வருபவை. துத்தநாகம், கால்சியம், சிலிக்கா, ஆக்சிஜன் இவைதான் கூட இருப்பவை. யுரேனியம் உள்ள சில கனிமங்கள் புற ஊதாவில் பளீரென்ற பச்சையாக ஒளிரும் என்பது உண்மை. ஆட்டுனைட் அப்படிப்பட்டது. அங்கேகூட அந்தப் பச்சைக்குக் காரணம் கதிரியக்கம் இல்லை; யுரேனியமும் ஆக்சிஜனும் சேர்ந்த அமைப்பில் எலக்ட்ரான் ஏறி இறங்குவதுதான். கதிரியக்கம் தனியாக நடந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கைகர் கருவி வேண்டும், யுவி டார்ச் போதாது.

டார்ச் வாங்கி ஏமாறாதீர்கள்

ஃபிராங்க்ளின் கல் ஒன்றை வரவழைத்து, நோட்டு பார்க்கும் டார்ச்சை அடித்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லை, போலி" என்று சொல்பவர்கள் உண்டு. மலிவான எல்இடி டார்ச் தருவது 365இலிருந்து 395 நானோமீட்டர் வரையுள்ள நெட்டலை. அதில் 395 என்பது கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியும் ஊதாவே. ஃபிராங்க்ளினின் புகழ்பெற்ற நிறங்கள் பெரும்பாலும் 254 நானோமீட்டர் சிற்றலைக்கு எழுபவை. கால்சைட்டின் தொரட்டியான ஈயம் பிடிப்பது சிற்றலையைத்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே கிடைக்கும் ஹார்டிஸ்டனைட் என்ற கனிமத்தின் ஊதா கலந்த நீலம், எஸ்பெரைட் என்ற கனிமத்தின் எலுமிச்சை மஞ்சள் எல்லாம் சிற்றலையில்தான் முழுதாகத் தெரியும்.

சிற்றலை விளக்கு வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கண்ணையும் தோலையும் சுடும். வெல்டிங் பொறியை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு இரவெல்லாம் கண்ணில் மணல் போட்டது போல் உறுத்துமே, அதே பாதிப்பு. நல்ல வேளையாக, சாதாரணக் கண்ணாடி சிற்றலையைத் தடுத்துவிடும். டியூப்லைட் நம்மைச் சுடாததும் அதனால்தான். கண்களை முழுதாக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, முகத்தையோ தோலையோ நோக்கித் திருப்பாமல் இருக்க வேண்டும். அதே காரணத்தால், கண்ணாடி அலமாரிக்குள் கல்லை வைத்து வெளியிலிருந்து சிற்றலை விளக்கைக் காட்டினால் எதுவும் ஒளிராது.

சுரங்கம் மூடிய பிறகு

ஃபிராங்க்ளின் சுரங்கத்தில் தாது 1954இல் தீர்ந்தது. ஸ்டெர்லிங் ஹில் 1986 வரை இயங்கியது. நியூ ஜெர்சியில் கடைசியாக நடந்த நிலத்தடிச் சுரங்கம் அதுதான். நீரை இறைத்த பம்புகள் நின்றதும் கீழ்த்தளங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. 1990இல் மேல்தளத்தை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஃபிராங்க்ளினில் தனியாக ஒரு கனிம அருங்காட்சியகமும், அதன் பக்கத்தில் பழைய சுரங்கக் கழிவு மேடும் இருக்கின்றன. கட்டணம் செலுத்திவிட்டு மேட்டில் கல் பொறுக்கலாம். ஒருகாலத்தில் பச்சை தெரிந்தால் நட்டம் என்று ஆலைக்காரர்கள் கவலைப்பட்ட அதே ஊரில், இன்று பச்சை தெரியும் கல்லைத் தேடிக் கூட்டம் வருகிறது.

ஸ்டெர்லிங் ஹில்லில் சுரங்கப் பாதை ஒன்றின் சுவரிலேயே சிற்றலை விளக்குகளைக் காட்டுகிறார்கள். விளக்கு எரியும் வரை சுவர் முழுக்கச் சிவப்பும் பச்சையும். அணைத்ததும் சிவப்பு சட்டென்று போய்விடும். வில்லமைட்டில் சில மட்டும், படிகளின் ஓரத்தில் எங்கோ சிக்கிய எலக்ட்ரான்கள் மெதுவாக இறங்கி வருவதால், சில நொடிகள் மங்கிய பச்சையாக நின்றுவிட்டு அணையும். கூரை நட்சத்திரம் செய்த அதே வேலை: நின்றொளிர்தல்.